காகிதத்தில் வாழும் பூனையோடு போட்டி

வம்சாவளிப் பூனைகளின் கண்காட்சியில் ஒரு விநோதம் உண்டு. ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு பூனைதான் வந்திருக்கிறது, எதிர்த்து நிற்க ஆளே இல்லை என்றாலும் அதற்குச் சாம்பியன் பட்டத்துக்கான சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். பிரிட்டனில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் ஜிசிசிஎஃப் அமைப்பின் விதிப்படி, வந்திருக்கும் பூனை தரத்துக்கு எட்டவில்லை என்று நடுவர் நினைத்தால் சான்றிதழை நிறுத்திவைத்துவிடலாம்.

பக்கத்துக் கூண்டுப் பூனையை ஜெயித்தால் மட்டும் போதாது என்பதுதான் விஷயம். ஒவ்வோர் இனத்துக்கும் 'ஸ்டாண்டர்ட்' என்று ஒரு வர்ணனை இருக்கிறது. தலை எப்படி இருக்க வேண்டும், காது எங்கே அமைய வேண்டும், வால் எவ்வளவு நீளம், கண் என்ன நிறம் என்று வரிவரியாக எழுதிவைத்திருப்பார்கள். அப்படியே உரித்துவைத்தாற்போல ஒரு பூனை இதுவரை பிறந்ததில்லை. நடுவர் தேடுவது, இருப்பவற்றில் எது அந்த எழுத்துக்கு மிக அருகில் வருகிறது என்பதைத்தான்.

இதைத் தொடங்கிவைத்தவர் ஹாரிசன் வியர் என்ற ஆங்கிலேய ஓவியர். 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் நடத்திய கண்காட்சியைத்தான் இன்றைய பூனைக் கண்காட்சிகளின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். விதிகளை எழுதியவர் அவர், நடுவர்களில் ஒருவரும் அவர், இன்னொருவர் அவருடைய அண்ணன். இன்றைக்கு இப்படி நடத்தினால் பெரிய தகராறாகிவிடும்.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் சிஎஃப்ஏ அமைப்பு 1906இல் தொடங்கியது. அதன் மதிப்பெண் அட்டவணையைப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் கிடைக்கும். பெர்சியன் பூனை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புசுபுசுவென்ற ரோமம்தானே? ரோமத்துக்கு நூற்றுக்குப் பத்துதான். கண்ணின் வடிவமும் காதும் சேர்ந்த தலைக்கு 30, உடலமைப்புக்கு 20, நிறத்துக்கு 20, கண் நிறத்துக்கு 10. மிச்சம் பத்து, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் அழகுக்கு. சயாமீஸில் கணக்கே வேறு: உடலுக்கு 30, தலைக்கு 20, கண் நிறத்தையும் சேர்த்து வண்ணத்துக்கு 30. எந்த இனத்தை எதற்காக வளர்க்கிறார்கள் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ஆனால் நடுவர் மேசையில் உட்கார்ந்து 30, 20 என்று கூட்டிக்கொண்டிருப்பதில்லை. எதை எவ்வளவு முக்கியமாகப் பார்ப்பது என்ற விகிதம் மனத்தில் ஊறியிருக்கும், அவ்வளவுதான்.

கண்ணைவிடக் கைக்கே வேலை அதிகம். மேங்ஸ் என்ற வாலில்லாப் பூனையை எடுத்துக்கொள்வோம். நடுவர் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பின்புறம் வரை மெதுவாக நீவிக்கொண்டே போவார். முதுகெலும்பின் முடிவில் எலும்பு லேசாக மேடிட்டிருந்தால் குற்றமில்லை. கை தடுக்கி நிற்கிற அளவுக்கு மேடிட்டிருந்தால்தான் குற்றம். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது, நடுவரின் கை நிற்கிறதா என்பதே அங்கே அளவுகோல். சயாமீஸ் என்றால் வாலை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியும்படி வால் மடங்கியிருந்தால் தகுதி நீக்கம். கண் நீலமாக இல்லாவிட்டாலும், பாதத்தில் வெள்ளை இருந்தாலும் அதே கதிதான்.

சயாமீஸின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் உடலில் கறுப்பு நிறமியைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதி, ஒரு மரபணு மாற்றத்தால் வெப்பத்துக்கு வளைந்துகொடுக்கும் நொதியாகிவிட்டது. சூடான இடத்தில் அது வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில் செய்யும். தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வருவதால் குட்டி ஏறக்குறைய வெள்ளையாகப் பிறக்கிறது. அப்புறம் உடலின் குளிர்ந்த ஓரங்களான காது, முகம், பாதம், வால் மட்டும் கறுக்கின்றன. இதில் காட்சிக்காரர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. அறுவைச் சிகிச்சைக்காக வயிற்றில் ரோமத்தை மழித்தால், அந்த இடம் குளிர்ந்து, முளைக்கும் புது ரோமம் திட்டாகக் கறுத்து வரும். அடுத்த முறை ரோமம் உதிர்ந்து மாறும்வரை கண்காட்சிப் பக்கம் போகவே முடியாது. வயதாக ஆக உடலும் மங்கிக் கறுத்துக்கொண்டே வருவதால், வெளிர் உடலுக்கான மதிப்பெண் தானாகவே கரைந்துவிடும்.

சரி, எந்தப் பூனை யாருடையது என்று நடுவருக்குத் தெரிந்துவிட்டால்? பிரிட்டனின் பழைய முறையில் உரிமையாளர்கள் அரங்கைவிட்டே வெளியேற வேண்டும். கூண்டுக்குள் வெள்ளைப் போர்வை, வெள்ளைத் தட்டு, வெள்ளைக் கிண்ணம். அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. வெறும் எண் மட்டும் இருக்கும். விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்து டம்மி நம்பர் போடுகிறோமே, அதே ஏற்பாடு. நடுவர் உதவியாளரோடு கூண்டு கூண்டாகப் போய்ப் பார்த்து எழுதுவார்.

அமெரிக்க முறையில் எல்லாம் வெட்டவெளிச்சம். ஒரே அரங்கில் பல 'ரிங்'குகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு நடுவர். உரிமையாளர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நடுவர் பூனையை மேசைக்குத் தூக்கிவந்து, இறகைக் காட்டி விளையாட வைத்து, கூட்டத்திடம் பேசிக்கொண்டே பார்ப்பார். ஒரு பூனையைப் பார்த்து முடித்ததும் கையையும் மேசையையும் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. அவருடைய ஏட்டில் எண், இனம், நிறம், பால், வயது இருக்கும். பூனையின் பெயர் இருக்காது.

ஒவ்வொரு ரிங்கும் தனிக் கண்காட்சிக்குச் சமம். காலையில் ஒரு நடுவரிடம் முதலாவதாக வந்த பூனை மதியம் இன்னொருவரிடம் ஒன்றுமில்லாமல் திரும்பலாம். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டின் மிகப் புத்திசாலித்தனமான பகுதியே இதுதான் என்று தோன்றுகிறது. அழகைப் பற்றிய ஒருவரின் கருத்தை நம்ப முடியாது. ஆனால் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத பலரும் ஒரே பூனையைக் காட்டினால், அதில் ஏதோ இருக்கிறது என்று நம்பலாம். பட்டங்கள் முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. பிரிட்டனில் சாம்பியன் ஆக மூன்று சான்றிதழ்கள் வேண்டும், அவை மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து வர வேண்டும். ஒரே நடுவருக்குப் பிடித்துப்போய் அவரிடமே மூன்று முறை வாங்கினால் செல்லாது.

சாம்பியனுக்கு மேலே கிராண்ட் சாம்பியன். சிஎஃப்ஏ முறையில் இதற்குத் தோற்கடித்த சாம்பியன்களை எண்ண வேண்டும். ஒரு ரிங்கின் சிறந்த சாம்பியனுக்கு, அங்கே வந்து தோற்ற ஒவ்வொரு சாம்பியனுக்கும் ஒரு புள்ளி. அமெரிக்காவில் 200 புள்ளிகள் சேர்ந்தால் பட்டம். கருத்தடை செய்த பூனைகளுக்குத் தனி வரிசை: பிரீமியர், கிராண்ட் பிரீமியர். கருத்தடை செய்யாத ஆண் பூனைக்கு வளர வளரத் தாடை உப்பி முகமே மாறிவிடும் என்பதால் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமாக இருக்காது. டிகா என்ற இன்னோர் அமைப்பில் டபுள், டிரிபிள், குவாட்ரபிள் கிராண்ட் சாம்பியன் என்று ஏணி நீண்டு சுப்ரீமில் போய் முடியும்.

புள்ளி முறையின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. பெரிய கண்காட்சியில் ஒரே நாளில் கிடைப்பது, சின்ன ஊர்க் கண்காட்சிகளில் பல மாதம் அலைந்தால்தான் கிடைக்கும். ஆக, பட்டம் பூனையின் அழகோடு சேர்த்து உரிமையாளரின் பெட்ரோல் செலவையும் கொஞ்சம் அளக்கிறது.

மேடை ஏறாமலே வாங்கும் பட்டமும் ஒன்று உண்டு. சிஎஃப்ஏ கணக்கில் ஒரு தாய்ப்பூனையின் குட்டிகளில் ஐந்தும், தகப்பன் பூனை என்றால் பதினைந்தும் கிராண்ட் பட்டம் பெற்றால், பெற்ற பூனைக்கு 'டிஎம்' (டிஸ்டிங்விஷ்டு மெரிட்) என்ற சிறப்பு. பால் கறக்காத காளையை அதன் மகள்களின் கறவையை வைத்து மதிப்பிடுவதும் இதே தர்க்கம்தான்.

இத்தனை காவல் போட்டும் காக்க முடியாத ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டர்டே தப்பாக இருந்தால் என்ன செய்வது? எத்தனை நடுவர்கள் தனித்தனியாகப் பார்த்தாலும் எல்லோரும் ஒரே தப்பைத்தான் அளப்பார்கள். 'குட்டையான மூக்கு' என்று எழுதிவைத்தால், இருப்பதிலேயே குட்டையான மூக்கு ஜெயிக்கும். அதன் குட்டிகளில் இன்னும் குட்டையானது அடுத்து ஜெயிக்கும். பெர்சியன் பூனையின் முகம் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாகி, மூச்சுத் திணறலும் கண்ணில் நீர் வடிவதுமாக வந்து நின்றது இப்படித்தான். பரிசு ஆசையை முதலில் கண்டு கசந்தவரும் வியர்தான். பூனைகளின் நலத்தைவிட உறுப்பினர்களுக்குப் பதக்கமே பெரிதாகிவிட்டது என்று சொல்லி, 1892இல் தேசியப் பூனைக் கழகத்தின் தலைவர் பதவியை விட்டார்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு கதை இன்னும் கடினம். அதன் மடிந்த காதுக்குக் காரணமான மரபணு காதோடு நிற்பதில்லை, உடல் முழுவதும் உள்ள குருத்தெலும்பைப் பாதித்து மூட்டுகளில் நோயை உண்டாக்குகிறது. இனம் பிறந்த பிரிட்டனில் ஜிசிசிஎஃப் 1970களின் தொடக்கத்திலேயே அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் சிஎஃப்ஏ 1978இல் சாம்பியன் போட்டிக்கே சேர்த்துக்கொண்டது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் கிராண்ட் சாம்பியனாகக்கூடிய பூனை, மறுகரையில் நுழைவுப் படிவத்தையே தாண்ட முடியாது.