எல்க் வேட்டைக்குத் தோட்டா வாங்குவதற்கு முன்: கொலராடோ விதியும் விமான விதியும்

முதலில் விசாவைப் பாருங்கள். எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) மாதிரி தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கி வேண்டாம், ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், 15 வருடம் வரை சிறை. நண்பரின் துப்பாக்கிதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்மில் பலருக்கும் உதவுகிற விலக்கு ஒன்று உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை உரிமம், காலாவதி ஆகாமல், உங்களிடம் இருக்க வேண்டும். அது முடிந்த நாளோடு விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கொலராடோவில் 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களிடம் பொதுவாக வேட்டைப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். அதனால் முதலில் வகுப்பு, பிறகு உரிமம், அப்புறம்தான் தோட்டாக் கடை.

சரி, எந்தத் தோட்டா? எல்க் மான் இனத்தில் பெரிய மிருகம், ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் வரும். அதற்கு கொலராடோ வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு .24 கேலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனையின், எடை 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்), 100 கஜத்தில் மோதும் சக்தி 1,000 அடி-பவுண்டு. சாதாரண மானுக்கு என்றால் 70 கிரெயின் போதும். .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகை .24-ஐ விடச் சிறியது, அதனால் இங்கேயே அடிபட்டுப் போகிறது. .243 வின்செஸ்டர் சட்டப்படி தேறும், ஆனால் முதல்முறை எல்க்குக்குப் போகிறவரிடம் அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது. கொஞ்சம் இடம் தவறினாலும் மிருகம் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். .308, .270, .30-06 இந்த மூன்றில் எதுவும் நல்லதே, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். தோளில் ரொம்ப உதைக்காத 6.5 கிரீட்மூரும் பலருக்குச் சரிவரும், நன்றாகக் குறிபார்த்துச் சுடப் பழகியிருந்தால். குண்டு உடலுக்குள் போய் விரிகிற வகையாக இருக்க வேண்டும் என்பதும் விதி. பயிற்சிக்கு வாங்குகிற, முழுக்க உலோக உறை போட்ட மலிவுத் தோட்டா வேட்டைக்கு ஆகாது. துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் அப்படியே ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

விமானத்தில் தோட்டா கேபின் பையில் கூடவே கூடாது, செக்-இன் பையில் மட்டும்தான். சட்டைப்பையில் உதிரியாகப் போட்டுக் கொண்டுபோகக் கூடாது. தோட்டாவுக்கென்றே செய்த அட்டை, பிளாஸ்டிக், மர அல்லது உலோகப் பெட்டியில் இருக்க வேண்டும், கடையில் வந்த பெட்டியே போதும். துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும்; சாவி உங்களிடமே இருக்கும். ஒழுங்காகப் பெட்டியில் அடுக்கிய தோட்டாவை அதே பூட்டிய பெட்டிக்குள் வைக்க அரசு விதி அனுமதிக்கிறது, ஆனால் சில விமான நிறுவனங்கள் தனியாக வைக்கச் சொல்லும், முன்னாடியே கேட்டுவிடுங்கள். தோட்டாவின் எடைக்கு பெரும்பாலான நிறுவனங்கள் 5 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. 20 தோட்டா உள்ள .308 பெட்டி சுமார் அரைக் கிலோதான், அதனால் ஒரு வேட்டைக்கு அந்த வரம்பு தாராளம்.

வேட்டைக்குக் கொண்டுபோன அதே பையோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து அதன் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டுத் துணி அடுக்குங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இன்னும் சுடாத ஒரு தோட்டா சிக்கினாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். மறந்துபோய் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வரலாம்தான், ஆனால் அதற்குள் விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டு வாசலிலேயே போய்விடும்.