வெட்டும் முன் கணுவைப் பாருங்கள்

"அண்ணா, அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே பாம்பு இருந்தால்கூடத் தெரியாது." மதுரைப் புறநகரில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்த பெண் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. கொல்லையில் மதிலை ஒட்டிப் பத்தடி உயரத்துக்கு ஒரு புதர். பூ ஒன்றுகூட இல்லை. மாமியார் நந்தியாவட்டை என்றாராம். கைபேசிச் செயலியோ மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொல்லியிருந்தது.

"பொறுங்கள் அம்மா, முதலில் இது யாரென்று பார்த்துவிடுவோம்" என்றேன். தோட்ட வேலையில் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் கத்தரியைக் கடைசியாகத்தான் பையிலிருந்து எடுப்பேன்.

பூ இல்லாத செடியை அடையாளம் காணக் கணு போதும். ஒரு கணுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். நந்தியாவட்டை என்றால் எதிரெதிரே இரண்டு. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். பொன்னரளி என்றால் இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி ஏறும்; அதிலும் பால் உண்டு. இந்தப் புதரில் கணுவுக்கு மூன்று இலைகள் இருந்தன. தோல்போலத் தடித்து, நீண்டு, நடு நரம்பு வெளிறி எடுப்பாகத் தெரிந்தது. அரளிதான். நெடுஞ்சாலை நடுவே வரிசையாக நிற்கிறதே, அதே அரளி.

பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் தன் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பயம் நியாயமானதுதான். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. நேராக இதயத் துடிப்பைத் தாக்கும். கேரளத்தில் இளம்பெண் ஒருவரின் மரணத்தில் அரளி மீது சந்தேகம் எழுந்ததை அடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவெடுத்தன. ஆனாலும் வேலியில் நிற்கும் அரளியைவிட வெட்டிப் போட்ட அரளிதான் எனக்குப் பயம். பச்சை இலை கசக்கும். ஆடு பெரும்பாலும் முகர்ந்துவிட்டு விலகும். வாடி, மற்றத் தழையோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். வாடினாலும் காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கவாத்து செய்த தழையை ஆட்டுக்காரர் ஒருவர் கேட்டார் என்று பிரித்துப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு ஆடுகள் செத்துப்போயின. பணம் கொடுத்தேன், அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு.

அடையாளம் கண்ட பிறகும் உடனே வெட்டவில்லை. குளவிக் கூடும் குருவிக் கூடும் இருக்கிறதா என்று கம்பால் விலக்கிப் பார்த்தேன். கண்ணில் பட்டது வேறொன்று. அடியில் மக்கிக் கிடந்த சருகின் மேல் பவழ நிறத்தில் சின்னச் சின்னக் காம்புகள். ஆவணி மாதம் அது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். உப்புத்தாள் போலச் சொரசொரப்பான இலை, நான்கு பட்டையாக இளங்கிளை. அரளிக்குள் சிக்கி, வெளிச்சத்துக்காக வளைந்து நெளிந்து நின்றது ஒரு பவழமல்லி. அடியோடு வெட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பவழமல்லியை அமுக்கிய பழைய அரளித் தண்டுகளை மட்டும் தரையோடு அறுத்தேன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நுனிகளை மட்டும் நறுக்கி மொட்டையடிப்பது நம் ஊரில் பலரின் பழக்கம், எனக்குப் பிடிக்காது. மேலே அடர்த்தி கூடுமே தவிர, அடி வெறும் குச்சியாகிவிடும். மீதித் தண்டுகளில் உயரம் குறைக்கும்போது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். அரளியின் ஒரு கணுவிலிருந்து மூன்று துளிர் வரும். புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். பவழமல்லியைத் தொடவில்லை. பூக்கும் பருவத்தில் அதை வெட்டினால் மொட்டுதான் போகும். அதன் கவாத்து தை மாதத்தில்.

நறுக்கும்போது விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு கிடைத்தது. தலைப்பக்கம் நீலக் கண்போல இரண்டு பொட்டு. ஆட்டைக் கொல்லும் இலையைத் தின்றே கொழுக்கிற பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. வேறு கிளைக்கு மாற்றி விட்டேன்.

அரளியை முழுவதும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். குழந்தை இருக்கும் வீட்டில் எடுத்துவிடுவதே என் கட்சி. தைக்குள் எடுத்துவிடலாம் என்று முடிவானது. அதுவரை கம்பி வலையால் ஒரு தடுப்பு. யாராவது வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல், வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு கிளையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும் என்று எழுதிக் கொடுத்தேன்.

கழிவுகளைச் சாக்கில் கட்டும்போது வாசலில் குரல் கேட்டது. "தழை இருந்தா குடுங்க சாமி, ஆட்டுக்கு ஆகும்." ஒரு பெரியவர், கையில் கயிற்றோடு. இலையைக் காட்டி விவரம் சொன்னேன். பிறகு அவரே மண்வெட்டி பிடித்து, கொல்லை மூலையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிக் கொடுத்தார்.