உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடுமா?

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து மூன்றாம் நாள். கடலில் பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மா, மகன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தார். பாதத்தின் ஓரத்தில் சிப்பி கீறிய காயம், அரை அங்குலம்கூட இல்லை. ஆனால் கணுக்கால் தாண்டி வீங்கிச் சிவந்திருந்தது. பக்கத்திலேயே ஊதா நிறத்தில் இரண்டு கொப்புளங்கள். காயத்தின் மேல் காப்பித்தூளை அப்பியிருந்தார்.

"எப்பம்மா கீறுச்சு?"

"நேத்துக் காலையில டாக்டர். உப்புத் தண்ணிதானே, ஆறிரும்னு விட்டுட்டேன்."

"எந்தப் பக்கம் எறங்குனீங்க?"

"ஓடைத் தண்ணி வந்து விழுகுமே, அங்கதான்."

சர்க்கரை வேறு ஆறு வருடமாக இருக்கிறது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கால் தப்பியது.

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் தொடங்கித் தொண்டி வரை 'உப்புத் தண்ணி பட்டா ஆறிரும்' என்பதைக் கேட்காத நாளில்லை. கடலிலேயே குடியிருக்கும் கிருமிகளுக்கு உப்பு என்ன செய்யும்? விப்ரியோ வல்னிஃபிகஸ் அப்படிப்பட்ட ஒன்று. காலரா கிருமிக்குப் பங்காளி. 20 பாகைக்கு மேல் வெதுவெதுப்பான நீர் இதற்கு வேண்டும். நம் கடல் மார்கழியிலும் அதற்குக் கீழே போவதில்லை. இதைக் கொஞ்சம் அடக்கி வைப்பது உப்பின் அளவுதான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது பாதியாகக் குறைந்தால் இதற்குக் கொண்டாட்டம். வாடைக்கால மழையில் ஓடைகளும், ஆற்றங்கரை என்ற ஊரில் கடலில் சேரும் வைகையும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது கரையோரத்தில் நடப்பது அதுதான். கூடவே வரும் சேறும் கழிவும் கிருமிக்குத் தீனி. கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காது, அதனால் வெயிலில் சாக வேண்டியதும் பிழைத்துக்கொள்ளும்.

ஆரோக்கியமானவர்களை இது பெரும்பாலும் விட்டுவிடும். சர்க்கரை நோயாளிகளும், ஈரல் கெட்டவர்களும்தான் மாட்டிக்கொள்வார்கள். (குடிப்பழக்கம் உள்ள அண்ணன்மார்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) ரத்தத்தில் ஏறிவிட்டால் ஓரிரு நாளில்கூட உயிர் போகலாம். அதனால் கீறியவுடன் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சின்னக் காயத்துக்குத் தாங்க முடியாத வலி, மணிக்கு மணி ஏறும் வீக்கம், கொப்புளம் என்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கண்மாய்ப் பக்கம் கதை வேறு. எலிக்காய்ச்சல் கிருமிக்கு உப்பு ஆகாது. ஈரமண்ணும் தேங்கிய நன்னீரும் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எலியும் மாடும் பெய்த மூத்திரத்தை மழை அடித்து வயலில் சேர்க்கிறது, பித்தவெடிப்பு வழியாக அது உள்ளே போகிறது. காய்ச்சல் வருவதற்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் மழையே மறந்துபோயிருக்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாக வருகிறவரிடம் "தண்ணியில எறங்குனீங்களா?" என்றால், "இல்லையே, மழை விட்டுத்தான் பத்து நாளாச்சே" என்பார். அந்தப் பத்து நாள்தான் எனக்கு வேண்டிய தகவல். அடுத்த முறை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: எந்தத் தண்ணீர், என்றைக்கு, காலில் புண் இருந்ததா.