ரெசொனேட்டர் கிட்டார்: தமிழில் ‘கூம்புக் கிட்டார்’

போன மாதம் எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்குப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோயம்புத்தூரில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். மரப்பெட்டியின் நடுவே தட்டு அகலத்துக்கு ஓட்டை ஓட்டையாய் ஒரு வெள்ளித் தகடு. மூன்றாவது தந்தியை மீட்டினால் ஸ்வரத்தோடு சேர்ந்து ‘ஜ்ஜிர்’ என்று ஓர் இரைச்சல்.

“அண்ணா, இது ஏன் இப்படி இரையுது? அப்புறம், ரெசொனேட்டர்னா தமிழ்ல என்னங்ணா? ரெசொனன்ஸுக்கு ஸ்கூல்ல அனுநாதம்னு படிச்சோம். அப்ப இது அனுநாதக் கிட்டாருங்களா?”

இரண்டு கேள்விக்கும் பதில் அந்தத் தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. முதலில் சொல்லைப் பார்ப்போம்.

‘ரெசொனேட்டர்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ரெ’ என்றால் மீண்டும், ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். திரும்ப ஒலிப்பது என்பதுதான் வேர்ப்பொருள். இயற்பியலில் ரெசொனன்ஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் சொல் ஒத்ததிர்வு. மலையாளத்திலும் தெலுங்கிலும் அனுநாதம். இலங்கைத் தமிழர் பரிவு என்கிறார்கள். இந்த நான்கு மொழிவழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது பரிவுதான். ஒரு தந்தி ஒலிக்கும்போது, யாரும் தொடாமலேயே பக்கத்துத் தந்தி சிலிர்க்கிறதே, அதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்குமா? சித்திரவீணையில் விரல் படாமலே கூடவே ஒலிக்கும் துணைத்தந்திகள் செய்வது அதைத்தான். ஹிந்துஸ்தானிக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையிலும் அப்படித் தந்திகள் உண்டு.

ஆனால் பையன் கொண்டுவந்த கிட்டாரில் நடப்பது வேறு. தகட்டைக் கழற்றினால் உள்ளே மெல்லிய அலுமினியத்தில் ஒரு கூம்பு இருக்கும். தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கும் குதிரை வழியாக அந்தக் கூம்பைத் தள்ளும், கூம்பு காற்றைத் தள்ளும். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காகிதக் கூம்பின் வேலையேதான், மின்சாரம் மட்டும் இல்லை. நல்ல கூம்பு தனக்குப் பிடித்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் பரிந்து அதிரக்கூடாது. எல்லா ஸ்வரத்தையும் சத்தமாக வெளியே தள்ள வேண்டும். அதனால் ‘ஒத்ததிர்விக் கிட்டார்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இலக்கணம் சரியாக இருக்கும், பொருள் பொருந்தாது.

இது பிறந்த கதையும் சத்தத்தைப் பற்றியதுதான். 1920களில் அமெரிக்காவில், பித்தளைக் குழல்கள் முழங்கும் மேடையில் கிட்டார் சத்தம் அமுங்கிப்போனது. ஜார்ஜ் பீச்சம் என்ற ஹவாய் பாணிக் கிட்டார் கலைஞர், சத்தமான கிட்டார் ஒன்று செய்து தரச் சொல்லி ஜான் டோபியேராவிடம் போனார். டோபியேரா ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய கைவினைஞர். அவர் மூன்று சிறிய அலுமினியக் கூம்புகளை வைத்துச் செய்த உலோகக் கிட்டார் 1927-இல் ‘நேஷனல்’ என்ற பெயரில் வந்தது. மறு ஆண்டு அவர் பிரிந்துபோய்த் தம் சகோதரர்களோடு ‘டோப்ரோ’வைத் தொடங்கினார். டோபியேராவின் ‘டோ’, பிரதர்ஸின் ‘ப்ரோ’. ஸ்லோவாக் மொழியில் டோப்ரோ என்றாலே ‘நல்லது’. பலர் இந்த வகைக் கிட்டாரையே டோப்ரோ என்கிறார்கள். அது ஒரு கம்பெனிப் பெயர், பொதுப்பெயராகாது.

தமிழில் இசைக்கருவியின் ஒலிக்கலத்துக்குச் சொல் பஞ்சமே கிடையாது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழின் உறுப்புகளை ‘பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும்’ என்று சொல்கிறது. பொருநராற்றுப்படை ‘குளப்பு வழி அன்ன கவடுபடு பத்தல்’ என்கிறது. மான் குளம்பு பதிந்த தடம்போல நடுவே உயர்ந்து இருபுறம் தாழ்ந்த வயிறு. பத்தர், பத்தல் இரண்டும் யாழின் வயிற்றுக்குப் பெயர். வீணை செய்பவர்கள் இன்று அதையே குடம் என்கிறார்கள். ‘பத்தர்க் கிட்டார்’ என்று வைக்கலாமே என்று நானும் ஆசையோடு யோசித்தேன். ஆனால் வயிறு எல்லாக் கிட்டாருக்கும் இருக்கிறது. இதில் மட்டும் இருப்பது கூம்பு. கூம்பு நல்ல பழந்தமிழ். கூம்புதல் என்றால் குவிதல், மாலையில் தாமரை கூம்பும். ஆகவே என் தீர்ப்பு, கூம்புக் கிட்டார்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், குறைந்த காசில் வாங்குபவருக்கு இந்தப் பெயர் வழிகாட்டும். சாதாரணக் கிட்டாரில் மேற்பலகைதான் பாடுகிறது. அதனால் ஒற்றைப் பலகையா, ப்ளைவுட்டா என்று கேட்டு வாங்குகிறோம். இங்கே பாடுவது கூம்பு. பெட்டி ப்ளைவுட்டாக இருந்தால் பெரிய நட்டமில்லை, பாலக்காட்டு மழைக்காலத்துக்கு அது சௌகரியமும்கூட. பளபளக்கும் உலோக உடம்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, கடைந்து செய்த கூம்பா, அச்சில் அடித்த கூம்பா என்று கேளுங்கள். கடைந்ததே மேல். கிரெட்ச், ரெக்கார்டிங் கிங் போன்ற கம்பெனிகளின் தொடக்க விலை மாடல்கள் பழகுவதற்குப் போதும். பின்னால் கையில் காசு வரும்போது கூம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கூம்பு உட்காரும் விதமும் முக்கியம். ஒரு வகையில் கூம்பின் முனை மேலே பார்க்கும். அதன் உச்சியில் பிஸ்கட் போல ஒரு மரவில்லை, அதன்மேல் குதிரை. ‘வில்லைக் குதிரை’ எனலாம். சத்தம் வெடுக்கென்று எழுந்து சீக்கிரம் அடங்கும். புளூஸ் வாசிப்பவர்களுக்கு அது உயிர். இன்னொன்றில் கூம்பு கிண்ணம்போல மேலே திறந்திருக்கும். அதன் விளிம்பில் எட்டுக் கால் சிலந்திபோல ஓர் உலோகச் சட்டம் நிற்கும். இது ‘சிலந்திக் குதிரை’. நாதம் நீண்டு நிற்கும். நம் கமகத்துக்கு அந்த நீளம் வேண்டும். தோடியில் ஒரு காந்தாரத்தை இழுத்து முடிப்பதற்குள் ஒலி செத்துப்போனால் என்ன பயன்? கர்நாடக இசை வாசிக்க ஆசைப்படுபவருக்குச் சிலந்தியையே சொல்வேன். மூன்று கூம்பு இன்னும் இனிமை, விலை எட்டாது.

கழுத்தையும் பாருங்கள். சதுரக் கழுத்து மடியில் கிடத்தி வாசிக்க மட்டும். உருண்டைக் கழுத்தை வாங்கினால் நிமிர்த்தியும் வாசிக்கலாம். தந்திகளைத் தூக்கிவிடும் சிறு உலோகத் துண்டு ஒன்றைக் கழுத்தின் தலைப்பில் மாட்டினால் மடியிலும் கிடத்தலாம். முதல் கிட்டாருக்கு இதுதான் தோது.

தந்திமேல் உருளையை வழுக்கி வாசிக்கும் ‘ஸ்லைடு’ முறைக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது, ஜாரு. வழுக்குதல் என்று பொருள்படும் தெலுங்குச் சொல் அது. ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று வித்வான்கள் தினமும் சொல்வதுதான். கையில் பிடிக்கும் உருளைக்குக் ‘கோடு’ என்று வைக்கலாம். கோடு என்றால் கொம்பு, கழி. சித்திரவீணையின் இன்னொரு பெயர் கோட்டுவாத்தியம், அதற்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கழியால்தான் என்பார்கள்.

சரி, பையனின் கிட்டாருக்கு வருவோம். தந்திகளைத் தளர்த்தி, தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அதில் இரண்டு கையாலேயே சுழன்றன. பாதி இரைச்சல் அங்கேதான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், கூம்பின் விளிம்போரம் கட்டைவிரல் அழுத்தியதுபோல ஒரு நசுங்கல். விளிம்பு அங்கே மரத்தில் படாமல் ஒரு முடி அளவு தூக்கி நின்றது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. நசுங்கலை நிமிர்த்தப் பார்க்காதே, அலுமினியம் கிழியும், புதுக் கூம்பு வாங்கிப் போட்டுக்கொள் என்றேன். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தோம், பத்தரை அங்குலம். அந்த அளவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனான்.