கிரியாட்டினின் நார்மல், சிறுநீரை யார் பார்த்தது?

லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய், சிறுநீரகத்தையும் விடாது) என்று தெரிந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். கோப்பைப் புரட்டினால் கிரியாட்டினின் அறிக்கைகள் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) வரிசையாக இருக்கும், எல்லாம் நார்மல். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுகூட இருக்காது. கால் வீங்கிய பிறகு பார்த்தால் புரதம் கொட்டுகிறது. அண்மையில் மறுபடியும் அப்படி ஒருவர். பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. சில பழுதானால் மீதி கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். பாதியளவு செயல்பாடு போகும்வரைகூட எண் எல்லைக்குள் நிற்கலாம். லூபஸ் வருபவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, தசை குறைவாக இருந்தால் அதுவும் குறைவு. 0.5 இருந்தவருக்கு 0.9 ஆனால் அறிக்கையில் 'நார்மல்' என்றே அச்சாகும். அவருடைய சிறுநீரகத்துக்கு அது பெரிய சரிவு. அதனால் பழைய எண்ணோடு ஒப்பிடாமல் அறிக்கையை மூடாதீர்கள்.

சிறுநீர் முன்கூட்டியே சொல்லிவிடும், ஒழுங்காகக் கொடுத்தால். காலை எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர், நடுப்பகுதி. அதில் புரதம்–கிரியாட்டினின் விகிதம் கேளுங்கள். சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, நீர்த்த சிறுநீரில் புரதம் அதற்குத் தப்பிவிடும். நுண்ணோக்கியில் உருக்குலைந்த சிவப்பணுக்களையும் சிவப்பணு வார்ப்புகளையும் (சிறுநீரகக் குழாய்க்குள் சிவப்பணுக்கள் அச்சுபோல் இறுகிய துணுக்குகள்) தேட வேண்டும். ஓரிரு மணி நேரம் தாண்டினால் அவை சிதைந்துவிடும். அதனால் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு, வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து வரிசையில் காத்திருந்தால் பயனில்லை. மாதவிடாய், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விகிதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 0.5 கிராம் புரதத்தைத் தொட்டு, அது மறுபரிசோதனையிலும் நிலைத்தால் பயாப்ஸி (ஊசியால் சிறுநீரகத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது) பேச்சு வரும். உடனே, "புதுசா சிறுநீர் மார்க்கர் வந்திருக்காமே, ஊசி வேண்டாமே" என்பார்கள். எம்சிபி-1, என்ஜிஏஎல், டிவீக், கரையும் சிடி163 ஆகிய, சிறுநீரில் அளக்கும் புரதங்களைத்தான் சொல்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி, எனக்கும் நம்பிக்கை உண்டு. புரதம் கசிவது பழைய தழும்பாலா, இப்போதைய அழற்சியாலா என்று விகிதம் பிரித்துச் சொல்லாது. அழற்சியோடு ஏறும் இந்த மார்க்கர்கள், குறிப்பாக சிடி163, அங்கே உதவக்கூடும். ஆனால் எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான எல்லை எண் இன்னும் இல்லை. என்ஜிஏஎல் சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். லூபஸால் வரும் சிறுநீரக பாதிப்பை பயாப்ஸியை வைத்து வகுப்புகளாகப் பிரிப்போம்; மூன்றாம், நான்காம் வகுப்பா, ஐந்தாம் வகுப்பா என்பதை இந்த மார்க்கர்கள் உறுதியாகச் சொல்லாது. மருந்தை முடிவு செய்வதோ அந்த வகுப்புதான்.

பயாப்ஸியில் எடுப்பது பெரும்பாலும் பத்து இருபது வடிகட்டிகள். 10 லட்சத்தில் அது ஒரு குறையே இல்லை. ரத்தக்கசிவு அபாயம் உண்டு, அதற்காகத்தான் முதலில் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறோம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எதையும் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று லூபஸுக்கான அடிப்படை மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கைவிடாதீர்கள். மூட்டு வலிக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். நோய் அடங்கியிருந்தாலும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் கொடுங்கள். நுரை கலையாமல் நின்றாலோ, காலையில் கண் இமை தடித்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், தயவுசெய்து அந்த வாரமே வாருங்கள்.