உங்கள் டிஷ்ஷும் சி பேண்ட், எதிர்வீட்டு டவரும் சி பேண்ட்

மொட்டை மாடியில் எட்டடி வலை டிஷ் வைத்துக் கேபிள் நடத்துபவர் ஒருவர் கூப்பிட்டார். "சார், நாலைஞ்சு சேனல் கட்டம் கட்டமா உடையுது. எல்.என்.பி. ரெண்டு மாத்திட்டேன். மழைகூட இல்ல." எல்.என்.பி. என்பது டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிக் கேபிளில் கீழே அனுப்பும் சின்னப் பெட்டி. போய்ப் பார்த்தேன். டிஷ் நகரவில்லை, கேபிளிலும் குறையில்லை. எதிர்த்தெரு மாடியில் மட்டும் புதிதாக ஒரு 5ஜி ஆண்டெனா முளைத்திருந்தது.

"அது ஃபோன் டவர் சார். நம்மது சி பேண்ட் ஆச்சே?"

அதுவும் சி பேண்ட்தான். அதுதான் தொல்லையே.

கேபிள்காரர் சி பேண்ட் என்று சொல்வது சாட்டிலைட்டிலிருந்து இறங்கும் 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ். ஃபோன்காரர் அதே பெயரில் சொல்வது 2022 அலைக்கற்றை ஏலத்தில் போன 3.3 முதல் 3.67 வரை. நடுவில் வெறும் 0.03 கிகாஹெர்ட்ஸ், அதாவது 30 மெகாஹெர்ட்ஸ் சந்து. இதில் வேடிக்கை, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கத்தின் பட்டியலில் சி என்பது 4 முதல் 8 வரைதான். 2 முதல் 4 வரை எஸ். அப்படிப் பார்த்தால் ஃபோன்காரருடையது முழுக்க எஸ், நம்முடையதிலும் பாதிக்கு மேல் எஸ். நேட்டோ பட்டியலில் சி என்பது 0.5 முதல் 1 கிகாஹெர்ட்ஸ். ஐ.இ.இ.இ. பட்டியலின் எழுத்துகள் இரண்டாம் உலகப் போரில் ரேடார் ரகசியம் வெளியே போகாமலிருக்க வைத்தவற்றிலிருந்து வந்தவை. வரிசை புரியக்கூடாது என்பதே நோக்கம், இன்றும் புரியவில்லை.

வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பெயர்கள் ஒழுங்கானவை. ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் பத்து மடங்கு. வி.எச்.எஃப். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் 10 மீட்டரிலிருந்து 1 மீட்டர். நம் எஃப்.எம். இதற்குள்தான். ஆனால் 3 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் முழுவதும் எஸ்.எச்.எஃப். என்ற ஒரே பெட்டி. சாட்டிலைட், 5ஜி, டி.டி.எச்., வீட்டு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் அதில் அடக்கம். (வைஃபை பெயரில் வரும் '5ஜி' இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான், ஃபோன் 5ஜி அல்ல.)

சரி, மாடிக்கு வருவோம். எல்.என்.பி. வருகிற அலைவரிசையை 5150 மெகாஹெர்ட்ஸிலிருந்து கழித்துக் கீழே அனுப்பும். நம் சேனல்கள் 950 முதல் 1450க்குள் வரும். 5ஜி 1480 முதல் 1850 வரை. சிக்னல் மீட்டரை மாட்டியதும் 1480க்கு மேலே ஒரு மேடு, சேனல்களைவிட உயரமாக. பல எல்.என்.பி.கள் 3.4 கிகாஹெர்ட்ஸ் முதலே சிக்னலை உள்ளே வாங்கக்கூடியவை. பக்கத்து டவரின் பலத்தில் அது திணறிப்போகிறது, புதிதாக எத்தனை மாற்றினாலும் இதே கதைதான்.

ஃபீட்ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னல் நுழையும் வாய்) எல்.என்.பி.க்கும் நடுவில், வேண்டாத அலைவரிசையைத் தடுக்கும் ஃபில்டர் போட்டால் தீரும். கடையில் வெறுமனே "சி பேண்ட் ஃபில்டர்" என்று கேட்காதீர்கள். 3.4 முதல் 4.2 வரை விடுகிற வகையும் அதே பெயரில்தான் விற்கிறது. அதைப் போட்டால் 5ஜி தாராளமாக உள்ளே வரும். 3700–4200 என்று மேலே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் சிக்னலைக் கொஞ்சம் தின்னும், மாட்டும்போது எல்.என்.பி. லேசாகத் திரும்பிவிடவும் செய்யும். மீட்டரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் போல்ட்டை முடுக்குங்கள்.