துவேஷம்: வெறுப்பா, காழ்ப்பா?

'இனத் துவேஷம்', 'மதத் துவேஷம்' என்று அடிக்கடி படிக்கிறோமே, அந்தத் துவேஷம் வடசொல். வெறுத்தல் என்று பொருள்படும் 'த்விஷ்' என்ற வேரிலிருந்து வந்தது. துவேடம் என்று தமிழ்ப்படுத்தி எழுதியவர்களும் உண்டு. அகராதியைப் புரட்டினால் 'வெறுப்பு, பகை' என்று இருக்கும். சரி, வெறுப்பு என்றே எழுதிவிடலாமா?

வெறுப்பு கொஞ்சம் விநோதமான சொல். 'விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே' என்கிறது தொல்காப்பியம். அங்கே வெறுப்பு என்றால் நெருக்கம், அடர்த்தி. வெறுக்கை என்றால் செல்வம். திருமுருகாற்றுப்படை முருகனை 'அந்தணர் வெறுக்கை' என்று அழைப்பது வசவு அல்ல, புகழ்ச்சி! மிகுந்தது திகட்டும், திகட்டியது பிடிக்காமல் போகும். இன்றைய பொருள் இப்படி வந்திருக்கலாம் என்பது என் ஊகம். மூன்று நாள் தொடர்ந்து உப்புமா தின்றவர் 'வெறுத்துப் போச்சு' என்பார். வேலையும் வெயிலும்கூட அப்படித்தான் வெறுத்துப்போகும், பிறகு சரியாகிவிடும். ஆனால் உப்புமாவின் மேல் யாருக்கும் துவேஷம் வராது. துவேஷத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், அல்லது ஒரு கூட்டம் வேண்டும்.

எனவே நான் காழ்ப்பு என்பேன். காழ் என்பது மரத்தின் வயிரம். முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே வெட்டு, 'காழ்த்த இடத்து' அது வெட்டுபவன் கையையே பதம் பார்க்கும் என்று பகையைப் பற்றி வள்ளுவர் சொல்வதும் இதே சொல்லை வைத்துத்தான். நாள்பட்டு இறுகிப்போன வெறுப்புதான் காழ்ப்பு. 'அரசியல் காழ்ப்புணர்ச்சி' என்று இன்றைக்கும் புழங்குவதால் தூசி தட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த வேறுபாடு ஒரு காலத்தில் சிறைக்குப் போகிற விஷயமாக இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-இல் சேர்ந்த 124-ஏ பிரிவு, அரசின் மேல் வெறுப்பைத் தூண்டுவதையே குற்றமாக்கியது. ராஜத் துவேஷம் என்று தமிழில் சொன்னார்கள். 1908-இல் வ.உ.சி.மேல் பாய்ந்தது இந்தப் பிரிவுதான். இப்போது தேசத் துரோகம் என்கிறோம். பழைய பெயர்தான் நேர்மையானது, மனதில் இருப்பதற்குத் தண்டனை என்று ஒளிக்காமல் சொன்னது. 1922-இல் இதே பிரிவில் அகமதாபாத் நீதிமன்றத்தில் நின்ற காந்தி, அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்று சொல்லி, குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். எந்த அதிகாரியின் மேலும் தனிப்பட்ட பகை இல்லை, ஆனால் இந்த அரசின் மேல் அன்பு கொள்வது பாவம் என்பது அவர் வாதம். கிடைத்தது 6 ஆண்டு. ஆட்சியின் மேல் வெறுப்பு, ஆளின் மேல் காழ்ப்பு இல்லை. நியாயமான வெறுப்பு என்று ஒன்று உண்டென்றால், இதைத்தான் சொல்வேன்.

காழ்ப்பை அடியோடு ஒழிக்க முடியுமா? நெடுநாள் மனதில் கிடக்கும் பகைக்குச் 'செற்றம்' என்றொரு பழஞ்சொல் உண்டு. 'இகலொடு செற்றம் நீக்கிய மனத்தினர்' என்று அதே திருமுருகாற்றுப்படை சிலரைக் காட்டுகிறது. யார் அவர்கள்? மரவுரி உடுத்தி, பல பகல் பட்டினி கிடந்து, விலா எலும்பு புடைத்துத் தெரியும் முனிவர்கள். வாடகை கட்டி, பங்காளியோடு வரப்புத் தகராறு பார்க்கிறவர் ஒருவரும் அந்த வரிசையில் இல்லை.

அப்புறம், 'வெறுப்புப் பேச்சு' என்ற வழக்கு நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். இனத் துவேஷத்தை மட்டும் இனக் காழ்ப்பு என்று எழுதிப் பாருங்கள்.